சாவக நாட்டு மொழி

மேல்நிலை வகுப்பில் மணிமேகலை நடத்திக்கொண்டிருந்தேன். அமுதசுரபி ஏந்திய ஆபுத்திரன் மறுபிறவியில் சாவக நாட்டில் பிறந்து புண்ணியராசன் என்னும் மன்னனாக விளங்கிய கதையைச் சொல்லி முடித்ததும், பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, சாவகர் என்றால் இல்லறத்தில் இருக்கும் சமணர் என்று சிலப்பதிகாரப் பாடத்தில் சொன்னீர்கள். அப்படியானால் சாவக நாடு சமணர் நாடா?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. சிலம்பில் வரும் சாவகர், 'சிராவகர்' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். அறவுரை கேட்டு நடப்போர் என்பது அதன் பொருள். சாவக நாடு என்பதோ யவம், ஜாவகம் என்றெல்லாம் வழங்கிய கீழைக்கடல் தீவின் பெயர். ஒலி ஒன்று; வேர் வேறு. இவ்விடையைச் சொல்லி அவனை அமரச் செய்தேன். அவன் அமரவில்லை. "அந்த நாட்டில் என்ன மொழி பேசினார்கள் ஐயா?" என்றான். "நாளை சொல்கிறேன்" என்றேன். அந்த நாளை வருவதற்கு நான் பணி ஓய்வு பெற வேண்டியதாயிற்று. ஓய்வுக் காலத்தில் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டவற்றை இம்மலரின் வாயிலாக அவனுக்கும், அவனைப் போன்று கேட்கும் இளையோர்க்கும் சொல்ல விழைகிறேன்.

தீவும் மக்களும்

ஜாவா இன்றைய இந்தோனேசியக் குடியரசின் தீவுகளுள் ஒன்று. பரப்பளவில் ஏறத்தாழ நம் தமிழ்நாட்டை ஒத்தது. ஆனால் அங்கு வாழும் மக்கள் 15 கோடிக்கு மேற்பட்டோர். தீவு முழுவதும் ஒரே மொழி வழங்குவதாக எண்ணிவிடலாகாது. மேற்குப் பகுதியில் சுந்தா மொழி பேசப்படுகிறது. வடகிழக்கே அமைந்த மதுரா என்னும் சிறு தீவிலும் அதற்கெதிர்க் கரையிலும் மதுரா மொழி வழங்குகிறது. நடு ஜாவாவும், யோக்யகர்த்தாவும், கிழக்கு ஜாவாவின் பெரும்பகுதியும் ஜாவா மொழிக்கு உரியவை. இதனைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 8 கோடிப் பேர். இத்தொகை உலகெங்கும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோரின் தொகைக்கு ஏறத்தாழ நிகரானது.

மடகாஸ்கர் முதல் ஹவாய் வரை கடல் வழியே பரந்து கிடக்கும் ஆஸ்திரோனேசிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது ஜாவா மொழி. அக்குடும்பத்தில் தாய்மொழியாகப் பேசுவோர் தொகையில் முதலிடம் இதற்கே. எனினும் எந்த நாட்டுக்கும் இது ஆட்சிமொழி அன்று. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இலக்கியமும், தனக்கென ஓர் எழுத்தும், எட்டுக் கோடி நாவும் உடைய ஒரு மொழி, தன் பேரப்பிள்ளைகளின் வாயில் நிலைக்குமா என்று இன்று அதன் அறிஞர்கள் கவலை கொள்கின்றனர். அக்கவலையின் காரணமே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் செய்தி. அதற்கு முன், அம்மொழி வளர்ந்த வரலாற்றைக் காண்போம்.

காஞ்சியிலிருந்து சென்ற எழுத்து

ஜாவாவின் மேற்குப் பகுதியில் ஆட்சி செய்த பூர்ணவர்மன் என்னும் அரசனின் கல்வெட்டுகள் 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மொழி வடமொழி, எழுத்து, அறிஞர்கள் பல்லவ எழுத்து என வழங்கும் தென்னிந்திய எழுத்து. நடு ஜாவாவில் சங்கல் என்னுமிடத்தில் சஞ்சயன் என்னும் அரசன் கி.பி. 732இல் பொறித்த கல்வெட்டும் அவ்வாறே. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலை எழுப்பிய இராசசிம்மனின் காலத்தை அடுத்த ஆண்டுகள் அவை. கப்பலில் சென்ற வணிகரும் அந்தணரும் துறவிகளும் கொண்டுபோய்ச் சேர்த்த அவ்வெழுத்து, அத்தீவில் மெல்ல உருமாறிக் 'கவி' எழுத்து ஆயிற்று. கவி எழுத்து மேலும் மாறி இன்றைய ஜாவா எழுத்தாயிற்று.

நம் எழுத்துக்கும் அவ்வெழுத்துக்கும் உள்ள உறவைக் கண்ணால் காண ஒரு வழி உண்டு. 'கெ' என்று எழுதும்போது ஒற்றைக் கொம்பை மெய்க்கு முன்னே இடுகிறோம். ஒலிக்கும்போதோ அது மெய்க்குப் பின்னே ஒலிக்கிறது. 'கொ' என்று எழுதும்போது முன்னே கொம்பும் பின்னே காலும் இட்டு மெய்யை நடுவில் நிறுத்துகிறோம். ஜாவா எழுத்திலும் எகரக் குறி மெய்க்கு முன்னே நிற்கிறது. ஒகரக் குறி மெய்யின் இருபுறமும் நிற்கிறது. முன்னுள்ளதைத் தாலிங் என்றும் பின்னுள்ளதைத் தாருங் என்றும் அழைப்பர். பல நூறு காதம் கடல் இடையே கிடந்தும் இப்பழக்கம் இரு கரையிலும் மாறவில்லை.

உயிர்க்குறிகளுக்கு அவர்கள் இட்ட பொதுப்பெயர் 'சண்டாங்ஙான்'. ஆடை என்பது அதன் பொருள். மெய்யெழுத்து உடல், உயிர்க்குறி அது உடுத்த ஆடை. நாம் மெய் என்றும் உயிர் என்றும் பெயரிட்டோம். அவர்கள் உடல் என்றும் உடை என்றும் கண்டனர்.

அவர்களுடைய அடிப்படை எழுத்துகள் 20. அவை 'ஹ, ந, ச, ர, க' என்று தொடங்குகின்றன. ஐந்தைந்தாக நான்கு வரியில் அவற்றை அடுக்கியபோது, எழுத்து வரிசையே ஒரு கதையைச் சொல்லும் தொடராக அமைந்துவிட்டது. அஜி சாகன் என்பவன் மக்களைத் தின்னும் கொடிய அரசனை அடக்கி நாட்டைக் காக்க ஜாவாவுக்கு வந்தான். வரும் வழியில் ஒரு பணியாளிடம் தன் குறுவாளைக் கொடுத்து, "என்னைத் தவிர வேறு எவரிடமும் இதைத் தராதே" என்றான். நாடு அமைதியுற்ற பின் மற்றொரு பணியாளை அனுப்பி, "வாளை வாங்கி வராமல் திரும்பாதே" என்றான். இருவரும் ஆணை தவறாதவர். ஒருவன் தர மறுத்தான். மற்றவன் விட மறுத்தான். வலிமையும் இருவர்க்கும் நிகர். இருவரும் மாண்டனர். இருவர் தூதர், பிணங்கினர், நிகரான வலியர், இருவரும் பிணமாயினர் என்பதே அந்நான்கு வரிகளின் கருத்து. ஜாவாக் குழந்தை எழுத்தறியும் நாளிலேயே இத்துயரத்தையும் அறிந்துவிடுகிறது.

கல்வெட்டு முதல் காவியம் வரை

ஜாவா மொழியிலேயே எழுதப்பட்டு, நாளும் குறிக்கப்பட்ட மிகப் பழைய ஆவணம் கிழக்கு ஜாவாவில் கெடிரிப் பகுதியில் கிடைத்த சுகபூமிக் கல்வெட்டு. அதில் கண்ட சக ஆண்டுக் கணக்கை மாற்றினால் கி.பி. 804, மார்ச் 25 என்று அறிஞர் கணித்துள்ளனர். அக்கல்வெட்டு பேசுவது போர் வெற்றியை அன்று. ஹரிஞ்சிங் என்னும் ஆற்றில் உழவர்க்காக அமைத்த அணையையே பேசுகிறது. ஏரி, மதகு, கலிங்கு பற்றிய நம் கல்வெட்டுகளோடு பழகியவர்க்கு இது உவகை தரும் செய்தி.

அடுத்த நூற்றாண்டுகளில் 'ககவின்' என்னும் காவிய வகை தோன்றியது. வடமொழி விருத்தங்களின் குறில் நெடில் அளவைப் பின்பற்றிப் பழஞ்ஜாவா மொழியில் பாடப்பட்டவை இவை. முதலில் வைத்து எண்ணப்படும் இராமாயண ககவின், முற்பகுதியில் பட்டி காவியம் என்னும் வடநூலைத் தழுவியது. தர்மவங்ச தெகு என்னும் மன்னனின் காலத்தில் பாரதப் பருவங்கள் உரைநடையில் பெயர்க்கப்பட்டன. விராட பருவம் அரசவையில் கி.பி. 996ஆம் ஆண்டு அக்டோபர் 14இல் தொடங்கி நவம்பர் 12 வரை வாசிக்கப்பட்டதாக அந்நூலே நாள் குறிக்கிறது. ஏர்லங்க மன்னன் காலத்தில் எம்பு கண்வர் அர்ச்சுன விவாகம் பாடினார். 1157இல் எம்பு செடா தொடங்கிய பாரத யுத்தத்தை எம்பு பனுலு முடித்தார். 'எம்பு' என்பது புலவர்க்கு வழங்கிய சிறப்புப்பெயர்.

பழஞ்ஜாவா மொழியின் பேரகராதியை 1982இல் வெளியிட்டவர் சூட்முல்டர் என்னும் டச்சுப் பாதிரியார். அதிலுள்ள 25,000க்கு மேற்பட்ட சொற்களில் ஏறத்தாழப் பாதி வடமொழியிலிருந்து வந்தவை. ஆயினும் இலக்கணம் முழுவதும் ஜாவா இலக்கணமே. வடசொல்லை எடுத்து, அதன் நடுவே தம் மொழிக்குரிய இடைச்செருகலை வைத்துத் தமதாக்கிக்கொண்டனர். ஸ்ரீபுராணத்தின் மணிப்பிரவாள நடையைக் கேட்டு வளர்ந்த நம் இல்லத்துப் பெரியோர்க்கு இத்தகைய கலப்பு புதிதன்று. முத்தும் பவளமும் கோத்த மாலையில் நூல் எவருடையதோ, மாலையும் அவருடையதே.

இங்கே நம் வாசகர்க்கு ஓர் எச்சரிக்கை தேவை. மஜபாகித் பேரரசின் காலத்தில், 14ஆம் நூற்றாண்டில், எம்பு தந்துலர் பாடிய சுதசோம ககவினில் 'ஜின' என்னும் சொல் வருகிறது. சிவ தத்துவமும் ஜின தத்துவமும் வேறு வேறாகத் தோன்றினும் உண்மை ஒன்றே என்பது அங்குள்ள கருத்து. இந்தோனேசியா தன் நாட்டுக் குறிக்கோள் தொடரை அவ்விடத்திலிருந்தே எடுத்துக்கொண்டது. இதைக் கண்டு, ஜாவாவில் சமண சமயம் பரவியிருந்தது என்று எழுதிவிடத் தோன்றும். அது பிழை. அந்நூல் பௌத்தக் காவியம்; அங்கே ஜினர் என்பது புத்தரைக் குறிக்கும். அமரகோசமும் புத்தரின் பெயர்களுள் ஒன்றாக 'ஜின' என்பதைச் சொல்கிறது. ஐம்பொறிகளை வென்றவர் என்னும் பொருளால் அச்சொல் இரு சமயத்தார்க்கும் பொதுவாயிற்று. சொல் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது என்பதை அன்று சாவகத்தை வைத்து மாணவனுக்குச் சொன்னேன். இன்று ஜினத்தை வைத்து எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் மெய்யான உறவு ஒன்று உண்டு. 1365இல் பிரபஞ்சர் என்னும் புலவர் மன்னன் ஹயாம் வுருக்கின் நாட்டையும் உலாவையும் பாடிய நாகரகிருதாகமம் என்னும் நூலில், ஜம்புத்தீவத்துக் காஞ்சிபுரியில் இருந்த புத்தாதித்தர் என்னும் பௌத்தத் துறவி அம்மன்னனைப் புகழ்ந்து பாடல் இயற்றிய செய்தி காணப்படுகிறது. முதலி சகிருதயர் என்னும் அந்தணரும் அவ்வாறு பாடியதாக அந்நூல் கூறுகிறது. 'முதலி' என்னும் சொல்லைக் கண்டவுடன் நம் ஊர்க்காரர் ஒருவரை அயலூர்ச் சந்தையில் கண்டது போன்ற மகிழ்ச்சி எனக்கு உண்டாயிற்று. திருப்பருத்திக்குன்றத்தில் இருகப்பர் சங்கீத மண்டபம் எழுப்பியதும் அதே நூற்றாண்டில்தான்.

அந்நூல் நமக்குக் கிடைத்த வரலாறும் அறியத்தக்கது. மஜபாகித் வீழ்ந்தபின் ஜாவாவில் பழைய காவியங்களைப் படிப்போர் குறைந்தனர். அண்டையிலுள்ள பாலித் தீவினர் அவற்றைப் பனையோலையில் படியெடுத்துக் காத்தனர். 1894இல் டச்சுப் படை லொம்போக் தீவின் அரண்மனையைத் தாக்கியபோது, பிராண்டஸ் என்னும் அறிஞர் உடன் சென்று அங்கிருந்த ஓலைகளை நெருப்பிலிருந்து மீட்டார். அவற்றுள் ஒன்று நாகரகிருதாகமம். ஓலைச்சுவடிக்கு அவர்கள் வழங்கும் பெயர் லொந்தார். ரொன் என்றால் இலை. தால் என்றால் பனை. ரொந்தால் என்பதே எழுத்து நிலைமாறி லொந்தார் ஆயிற்று.

மாறிய சமயம், மாறாத சொல்

15, 16ஆம் நூற்றாண்டுகளில் இஸ்லாம் ஜாவாவில் வேரூன்றியது. இன்று ஜாவா மக்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். மாதரம் அரசின் சுல்தான் அகுங் 1633இல் நாள்காட்டியைத் திருத்தினார். மாதங்களை இஸ்லாமியச் சந்திர மாதங்களாக மாற்றிய அவர், சக ஆண்டின் எண்ணை மட்டும் கைவிடவில்லை. அன்று நடந்துகொண்டிருந்த 1555 என்னும் எண்ணிலிருந்தே கணக்கு தொடர்ந்தது, இன்றும் தொடர்கிறது. ரமலான் மாத நோன்புக்கு ஜாவா மக்கள் வழங்கும் 'பாசா' என்னும் சொல் நம் உபவாசமே. சமயம் மாறியபோது மொழி தன் பழஞ்சொல்லைக் கொண்டே புதுப்பொருளை வரவேற்றது.

வாயங் என்னும் தோற்பாவைக் கூத்தும் அவ்வாறே நிலைத்தது. தலாங் என்னும் கூத்தர் ஒருவரே இரவு முழுவதும் அமர்ந்து, பாண்டவர் கதையை அத்தனை பாத்திரங்களின் குரலிலும் பேசி நடத்துவார். பேசுவோர் நிலைக்கும் கேட்போர் நிலைக்கும் ஏற்ப ஒவ்வொரு பாத்திரத்தின் மொழியும் மாற வேண்டும். இந்த மாற்றமே ஜாவா மொழியின் பெருமை; அதன் இடர்ப்பாடும் அதுவே.

மரியாதையின் படிகள்

தமிழில் நீ, நீர், நீங்கள் என்று மரியாதைக்கேற்ப மாற்றுகிறோம். வினைமுற்றும் உடன் மாறும். ஜாவா மொழியில் சொல்லே மாறிவிடும். இயல்பான பேச்சுக்கு 'ஙொகோ' என்று பெயர். 'நீ, நீ' என்று பேசுவது என்பது அதன் பொருள். பணிவான பேச்சுக்குக் 'கிராமா' என்று பெயர். முறை எனப் பொருள்படும் 'கிரமம்' என்னும் வடசொல் அது. பெரியோரின் செயலையும் உடைமையையும் குறிக்க அதற்கும் மேலே உயர்கிராமா உண்டு.

வீடு என்பதற்கு ஙொகோவில் ஓமா, கிராமாவில் கிரியா, பெரியவர் வீடாயின் தலெம். கிரியா என்பது நம் கிருகப் பிரவேசத்தில் உள்ள கிருகமே. தூங்குதலுக்கு முறையே துரு, திலெம், சாரே. நான் என்பதற்கு ஙொகோவில் அக்கு, கிராமாவில் குலா. குலா என்பது பணியாளரைக் குறிக்கும் கவுலா என்பதன் குறுக்கம். நம் 'அடியேன்' போன்றது. தாத்தாவிடம் பேசும் பேரன், தாத்தா தூங்கியதைச் சாரே என்றும் தான் தூங்கியதைத் திலெம் என்றும் சொல்ல வேண்டும். தவறித் தன் தூக்கத்தையும் சாரே என்று சொல்லிவிட்டால், தன்னையே உயர்த்திக்கொண்டவனாக நகைப்புக்கு இடமாவான்.

இம்முறையில் நுட்பமான அழகு உண்டு. பாவைக்கூத்தில் வீமன் எவரிடத்தும் ஙொகோவிலேயே பேசுவான். அண்ணனிடமும் தேவரிடமும் அப்படியே. அவனே மெய்ஞ்ஞானம் தேடிக் கடலுள் சென்று, தன் உருவின் சிறுவடிவாய்த் தோன்றும் தேவருசியைக் காணும்போது மட்டும் பணிந்து கிராமா பேசுகிறான். அரசுக்குத் தலைவணங்காதவன் அறிவுக்கு வணங்கினான் என்பதை ஒரு சொல்லும் விளக்காமல், மொழியின் படி ஒன்றே காட்டிவிடுகிறது.

இதன் சுமையும் பெரிது. ஜெப்பாராவைச் சேர்ந்த கார்த்தினி அம்மையார் (1879–1904) பெண்கல்விக்குக் குரல் கொடுத்தவர். தம்மினும் மூத்தோரிடம் இளையோர் உயர்ந்த ஜாவா மொழியில்தான் பேச வேண்டும், குனிந்துதான் கடக்க வேண்டும் என்னும் குடும்ப வழக்கத்தை அவர் டச்சுத் தோழிக்கு எழுதிய கடிதத்தில் விவரித்துள்ளார். தம் தங்கையர் அளவில் அவ்வழக்கத்தை நீக்கிவிட்டதாகவும் சொல்கிறார். அன்பு குறையவில்லை, நெருக்கம் கூடியது என்பதே அவர் கண்ட பயன்.

எட்டுக் கோடியும் ஏன் போதவில்லை

1928ஆம் ஆண்டு அக்டோபர் 28இல் பத்தாவியாவில் கூடிய இளைஞர் மாநாடு, ஒரே தாய்நாடு, ஒரே தேசம், இந்தோனேசியம் என்னும் ஒரு பொதுமொழி என்று உறுதி பூண்டது. அப்பொதுமொழி துறைமுகங்களில் வணிகர் பேசிய மலாய் மொழியின் வடிவம். பேசுவோர் தொகையை மட்டும் நோக்கினால் ஜாவா மொழியே முன்னின்றிருக்கும். ஆயினும் ஜாவா இளைஞர்களே அதனை வற்புறுத்தவில்லை. முன்பின் அறியாத இருவர் சந்தித்தால் யார் உயர்ந்தவர் என்று தெரிந்துகொள்ளாமல் வாய் திறக்க இயலாத மொழி, சமத்துவம் நாடிய புதுநாட்டின் பொதுமொழியாவது எளிதன்று. மலாய் எல்லாத் தீவினர்க்கும் ஏற்கெனவே பழகியிருந்தது. 1945ஆம் ஆண்டு அரசியல் சட்டம் இந்தோனேசிய மொழியை நாட்டுமொழியாக்கியது.

எழுத்தும் பின்வாங்கியது. 1855இல் சுரகர்த்தாவில் தொடங்கிய முதல் ஜாவா மொழிச் செய்தித்தாளான புரோமார்த்தானி ஜாவா எழுத்திலேயே அச்சாயிற்று. 1933இல் டாக்டர் சுதோமோ சுரபாயாவில் தொடங்கிய பஞ்செபார் செமாங்ஙாட் என்னும் வார இதழ் ரோமன் எழுத்தை ஏற்றது. இன்று பெரும்பாலான ஜாவா மக்கள் தம் மொழியை ரோமன் எழுத்திலேயே எழுதுகின்றனர். பழைய எழுத்தைப் பள்ளியில் கற்றுத் தேர்வோடு மறந்துவிடுவோர் பலர்.

இவையெல்லாம் வெளிக்காரணங்கள். உட்காரணம் ஒன்றை மொழியறிஞர்கள் சுட்டுகின்றனர். நகரங்களில் பல பெற்றோர் குழந்தைகளோடு இந்தோனேசிய மொழியிலேயே பேசுகின்றனர். பள்ளிப் படிப்புக்கு உதவும் என்பது ஒரு காரணம். மற்றொன்று அச்சம். கிராமாவைப் பிழையாகப் பேசினால் பெரியோரை அவமதித்ததாகும். ஙொகோவில் பேசினாலும் அவமதிப்பே. இந்தோனேசிய மொழியில் பேசிவிட்டால் இரண்டு குற்றமும் இல்லை. ஆகவே பேரன் தாத்தாவிடம் நாட்டுமொழியில் பேசிவிட்டு நகர்கிறான். மொழியை வெறுத்து அவன் விலகவில்லை. அதன்மேல் வைத்த மதிப்பினாலேயே வாய் திறக்க அஞ்சுகிறான்.

கடல் கடந்த ஜாவா

பெயர் நிலைத்தும் மொழி நிலைக்காத சான்று நம் அண்டையிலேயே உள்ளது. டச்சுக்காரர் தமக்கு அடங்காத ஜாவா அரச குடும்பத்தாரை இலங்கைக்கு நாடு கடத்தினர். மன்னன் மூன்றாம் அமங்குராத் 1708இல் அவ்வாறு அனுப்பப்பட்டவர். அவர்களோடும் பிற தீவுகளிலிருந்து வந்த படைவீரரோடும் உருவான சமூகத்தைச் சிங்களவர் இன்றும் 'ஜா மினிஸ்சு', அதாவது ஜாவா மனிதர் என்றே அழைக்கின்றனர். அச்சமூகத்தின் மொழியோ ஜாவா அன்று. தமிழின் தொடரமைப்பை மிகுதியாக ஏற்றுக்கொண்ட மலாய்.

இதற்கு மாறான சான்று தென் அமெரிக்காவில் உண்டு. 1890 முதல் 1939 வரை சுமார் 33,000 ஜாவா மக்கள் சூரினாம் நாட்டுத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அரண்மனையும் அரசவைப் புலவரும் அவர்களோடு செல்லவில்லை. மரியாதைப் படிகள் அங்கே தளர்ந்தன; சொற்கள் குறைந்தன. ஆயினும் தலைமுறைகள் கடந்தும் அவர்கள் வழியினரிடையே ஜாவா மொழி பேசப்பட்டு வருகிறது. இலக்கணம் தேர்ந்தவர் செவிக்கு அது கொச்சையாகப் படலாம். பேச்சு நிலைத்தது என்பதே பெரிது.

மீளும் வழிகள்

1812இல் ஆங்கிலேயப் படை யோக்யகர்த்தா அரண்மனையைத் தாக்கிச் சுவடிகளை அள்ளிச் சென்றது. அக்காலத்தில் ஜாவாவில் சுவடி திரட்டியவர்களுள் காலின் மெக்கன்சியும் ஒருவர். தென்னாட்டில் ஊர் ஊராகச் சென்று சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் சேர்த்தவரும், மலெயூர்ச் சமணப் பண்டிதர் தருமையாவைத் துணையாகக் கொண்டு நம் சமய வரலாற்றுச் செய்திகளைத் திரட்டியவரும் அவரே. யோக்யகர்த்தாவிலிருந்து சென்ற சுவடிகளுள் 75 இப்போது மின்படியாக்கப்பட்டு, 2019இல் அப்படிகள் அந்நகரத்துச் சுல்தானிடம் ஒப்படைக்கப்பட்டன. 2009இல் ஜாவா எழுத்து யூனிகோடில் இடம்பெற்றது. 1991 முதல் ஜாவா மொழி மாநாடுகள் கூடுகின்றன. யோக்யகர்த்தாவின் தெருப்பலகைகளில் பழைய எழுத்து மீண்டும் காணப்படுகிறது.

இவற்றோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். தெருப்பாடகராகத் தொடங்கிய திதி கெம்போட் (1966–2020) எளிய ஜாவா மொழியில் பிரிவுத் துயரைப் பாடினார். அவருடைய இறுதி ஆண்டுகளில் பல்லாயிரம் இளைஞர் திரண்டு அப்பாடல்களைக் கூடவே பாடினர். பாட்டில் எவரும் பிழைக்கு அஞ்சுவதில்லை. சுவடி காப்பது கடமை. எழுத்தைக் கணினியில் ஏற்றுவதும் கடமை. ஆனால் மொழி உயிரோடிருக்கும் இடம் அஞ்சாமல் திறக்கும் வாய்.

இதைப் படித்தபோது எனக்கு என் பேத்தியின் நினைவு வந்தது. சென்ற ஆண்டு தசலட்சண நாள்களில் அவளை ஸ்ரீபுராணம் வாசிக்கச் சொன்னேன். முதல் பக்கத்திலேயே நான்கு முறை நிறுத்தித் திருத்தினேன். ஐந்தாம் முறை அவள் நூலை மூடி என் மடியில் வைத்துவிட்டு, "தாத்தா, நீங்களே படிங்க" என்று எழுந்து போனாள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாக இருந்தவன், அன்று ஒரு வாசகியை இழந்தேன். ஆணை தவறாமல் வாளைக் காத்து மாண்ட அஜி சாகனின் பணியாளனுக்கும் எனக்கும் வேற்றுமை அதிகமில்லை.

இவ்வாண்டு மீண்டும் அழைத்தேன். நாளுக்கு ஒரு பக்கம், குறுக்கே பேசுவதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். மணிப்பிரவாளச் சொற்களில் அவள் நா இடறுகிறது. நான் வாய் மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டாம் நாள் அவளே நிறுத்தி, "இந்தச் சொல்லை எப்படிச் சொல்லணும் தாத்தா?" என்று கேட்டாள். சொன்னேன்.

அன்று வகுப்பில் எழுந்து நின்ற அந்த மாணவன் இம்மலரை எங்கேனும் காண்பானாயின், அவனுக்குத் தாமதமாக விடை சொல்கிறேன். தம்பி, சாவக நாட்டில் பேசியது ஜாவா மொழி. அதற்கு எழுத்து நம் கரையிலிருந்து சென்றது. அம்மொழியை இன்றும் எட்டுக் கோடிப் பேர் பேசுகின்றனர். தங்கள் பிள்ளைகள் பிழையோடாவது பேச வேண்டும் என்று அவர்களுள் பலர் இப்போது விரும்புகின்றனர்.